அல்சாஸ் ஒயின் பாதையில் கார் பயணம்: ஐந்து இரவு, மது தொடாத அப்பா அம்மா. யோசனை சொல்லுங்கள்

மாம்பலத்தான்:
வணக்கம். செப்டம்பர் கடைசி வாக்கில் நானும் மனைவியும் அப்பா அம்மாவோடு பாரிஸ் வருகிறோம். பாரிஸ் முடிந்ததும் ஐந்து இரவு கிராமப்புறம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் பாரிஸில் கார் எடுத்து ரான்ஸ் போய் ஷாம்பெயின் பார்ப்பது. அடுத்த நாள் ஸ்ட்ராஸ்பூர். மூன்றாம் நாள் கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸின் ஒயின் பாதை முழுவதும். நான்காம் நாள் பர்கண்டியில் போன் நகரம். அங்கிருந்து பாரிஸ் திரும்புவது.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. அவரும் அம்மாவும் சைவம், மது தொடமாட்டார்கள். நானும் மனைவியும் அளவாகக் குடிப்போம். ஓட்டப்போவது நான் மட்டும்தான். திட்டம் சரிவருமா? சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?

ஊர்சுற்றி:
இது சுற்றுலாத் திட்டம் மாதிரி இல்லை, லாரி டிரைவருக்குக் கொடுத்த டியூட்டி சீட்டு மாதிரி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸ்–ரான்ஸ் 145 கி.மீ. அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர் இன்னும் 350. அல்சாஸ் ஒயின் பாதை வடக்கே மார்லென்ஹெய்மில் தொடங்கித் தெற்கே தான் என்ற ஊர் வரை ஏறக்குறைய 170 கி.மீ. கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் அது நெடுஞ்சாலை இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கிராமம், ஒவ்வொரு கிராமத்திலும் வேகத்தடை, ரவுண்டானா, அறுவடைக் காலத்தில் முன்னால் ஒரு டிராக்டர். அது முடிந்து பர்கண்டிக்கு 240, பாரிஸ் திரும்ப 310. அப்பாவின் முழங்கால் காருக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும்.

ஒரு பகுதி, ஒரே தங்குமிடம். மற்றதை அடித்துவிடுங்கள்.

லாச்சப்பல்வாசி:
தம்பி, ஊர்சுற்றி சொல்வது சரி. இன்னொன்றும் சொல்கிறேன். பாரிஸுக்குள் கார் எடுக்கவே வேண்டாம். சுற்றுச்சாலையில் ஒருமுறை மாட்டினால் பயண ஆசையே விட்டுப்போகும். இடது பக்கம் ஓட்டிப் பழகியவர் முதல் நாளே அதில் ஏன் இறங்க வேண்டும்?

பாரிஸின் ‘கார் து லெஸ்ட்’ ரயில் நிலையத்தில் டிஜிவி அதிவேக ரயில் ஏறினால் ஸ்ட்ராஸ்பூருக்கு இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. ஒயின் பாதைப் பக்கத்து நகரமான கோல்மாருக்கு நேரடி வண்டியும் இருக்கிறது, இரண்டரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். காரைக் கோல்மாரில் எடுங்கோ. வண்டி ஏறுமுன் நேரம் இருந்தால் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடந்தே வரலாம், நிலையத்திலிருந்து பக்கம்தான். எங்கட கடைகளில் இடியப்பம், மிக்சர், ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் வாங்கிக்கொண்டு ஏறினால் அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் கவலை இல்லை.

கொத்துப்புரோட்டா:
ஒரு சந்தேகம். ஏன் அல்சாஸ்? ஒயின் என்றால் பர்கண்டிதானே? பிரான்சின் முதல் ஒயின் பாதையே அங்கேதான், 1937இல் தொடங்கியது. தீஜோனிலிருந்து சாந்தனே வரை 60 கி.மீ.தான். ழெவ்ரே ஷாம்பெர்த்தான், வூஜோ, வோன் ரோமனே என்று உலகமே ஏங்கும் பெயர்ப்பலகைகள் வரிசையாக வரும். ரோமனே கோந்தி தோட்டம் இரண்டு ஹெக்டேர் கூட இல்லை. ஓரத்தில் ஒரு கல் சிலுவை, இடுப்புயரச் சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவே போகலாம். அந்தத் துண்டு நிலங்களுக்கு 2015இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது.

ஊர்சுற்றி:
ஒயின் படிக்கிறவனுக்குப் பர்கண்டி கோயில்தான், மறுக்கவில்லை. ஆனால் மாம்பலத்தாரின் அப்பா அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று என்ன பார்ப்பார்? கொடியும் மண்ணும். போன் நகரத்தில் 1443இல் நிறுவிய பழைய மருத்துவமனையும் அதன் வண்ண ஓட்டுக் கூரையும் அருமைதான். அதற்கு ஓர் அரை நாள் போதும். நல்ல தயாரிப்பாளர் வீட்டில் நுழைய மாதக்கணக்கில் முன்பே எழுதிக் கேட்க வேண்டும், விலையும் நெஞ்சை அடைக்கும்.

போர்தோ அதைவிட மோசம். தட்டை நிலம், தூரத்தில் மாளிகை, பூட்டிய கேட்.

அல்சாஸில் ஒயினை மறந்துவிட்டாலும் ஊர் மிச்சம் இருக்கும். மரச்சட்டம் வைத்துக் கட்டிய சாய்ந்த வீடுகள், சன்னலெல்லாம் சிவப்பு ஜெரானியம், பின்னால் வோஜ் மலை, மலைமேல் இடிந்த கோட்டை. குடிக்காதவருக்கும் கண் நிறையும்.

கொத்துப்புரோட்டா:
குடிக்காதவர்களை ஒயின் நாட்டுக்குக் கூட்டிப்போவதே எனக்கு விளங்கவில்லை. சரி, உங்கள் பாடு.

மிளகுரசம்:
கொத்து, ஊட்டியில் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் தேநீர் ரசிகர்களா என்ன? விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடி எப்படி நட்டிருக்கிறார்கள், சரிவில் தண்ணீர் எப்படி நிற்கிறது, ஆள்கூலி என்ன என்று பார்க்கவே ஒரு நாள் போதாது. என் மாமனார் சொட்டுக் குடிக்கமாட்டார். கோல்மார் பக்கம் ஒரு தோட்டக்காரரை நிறுத்தி வைத்துக் கம்பிப் பந்தலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார், நான் நடுவில் நின்று மொழிபெயர்த்து ஓய்ந்துபோனேன்.

மாம்பலத்தான்:
அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் பார்த்தவர்தான். சரி, அல்சாஸ் மட்டும் என்று முடிவு. ஷாம்பெயினும் பர்கண்டியும் கழன்றாயிற்று. எந்த ஊரில் தங்கலாம்? முழுப் பாதையையும் ஓட்டாமல் விட்டால் முக்கியமான எதையாவது தவறவிடுவோமா?

ரைன்கரை:
ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஃப்ரைபூர்கில் இருக்கிறேன். கோல்மார் எங்களுக்கு ஒரு மணி நேரம் கூட இல்லை, அதனால் விருந்தாளி வந்தாலே அங்கேதான் கூட்டிப்போவது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழுப் பாதை வேண்டாம். பழுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு 170 கிலோமீட்டரையும் முடித்தவர்களிடம் கேட்டால் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்று கலந்துபோயிருக்கும். கோல்மாருக்கு வடக்கே பெர்கெய்ம் வரை, தெற்கே எகிஸ்ஹைம் வரை, அதாவது இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையின் அழகில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கிவிடும்.

தங்க மூன்று வழி. கோல்மார் நகரத்திலேயே தங்கினால் சாயங்காலம் நடக்க இடம் உண்டு, காருக்கு நிறுத்துமிடம்தான் தலைவலி. ரிக்வீர், எகிஸ்ஹைம் இரண்டும் பகலில் பேருந்துக் கூட்டம், இரவில் வெறிச்சோடிவிடும், விலையும் அதிகம். என் தேர்வு கேசர்ஸ்பெர்க் அல்லது தூர்க்கெய்ம். சமையலறை உள்ள வாடகை வீடு கிடைக்கும், கடைத்தெரு பெரும்பாலும் சமதளம், அப்பாவுக்கு நல்லது. தூர்க்கெய்மில் இன்னொரு விசேஷம். மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்குக் கறுப்பு அங்கி, மூன்று முனைத் தொப்பி, கையில் விளக்கும் ஈட்டிக்கோடரியுமாக ஊர்க்காவல்காரர் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார். பயணிகளுக்காக நடத்துவதுதான், தெரியும். ஆனாலும் அம்மா சிரித்துக்கொண்டே பின்னால் போவார், பாருங்கள்.

ரிக்வீர் கட்டாயம் போங்கள், ஆனால் காலை ஒன்பதுக்கு. மதில் வெளியே கட்டண நிறுத்தம். உள்ளே ஒரே நீளத் தெரு மேல்நோக்கி ஏறும், உச்சியில் 1291இல் கட்டிய தோல்தெர் கோபுரம். முழங்கால் வலிக்காரர் பாதியில் உட்கார்ந்துகொள்ளலாம், வழி நெடுக பெஞ்சும் கடையும் உண்டு. பதினொரு மணிக்குப் பேருந்துகள் வந்து சேரும்போது நீங்கள் வெளியே வந்துவிட வேண்டும்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் உனாவீர். கொடிகளுக்கு நடுவே மேட்டில் தனியாக ஒரு தேவாலயம், கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கோட்டை மாதிரி மதில். ஒரே கட்டடத்தைக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பங்குபோட்டுக்கொள்கிறார்கள். கடை கண்ணி அதிகம் இல்லாத ஊர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். நீங்களும் மனைவியும் ரிக்வீரிலிருந்து கொடிகளுக்கு நடுவே நடந்து வரலாம். ஆனால் அறுவடை நடக்கும்போது சில ஊர்களில் தோட்டப் பாதைகளை நடப்பவர்களுக்கு மூடிவிடுவார்கள். அறிவிப்பு இருந்தால் மீறாதீர்கள். பழத்தில் கை வைப்பதும் கூடாது.

எல்லா ஊரும் பழைய ஊராக இருக்காது. பென்வீர், சிகோல்ஸ்ஹைம் பக்கம் போனால் வீடெல்லாம் ஐம்பதுகளில் கட்டியது போல இருப்பதைக் கவனிப்பீர்கள். 1944 டிசம்பரிலும் 1945 தொடக்கத்திலும் கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் அந்த ஊர்கள் தரைமட்டம். அடுத்த ஊரான ரிக்வீர் தப்பியது. சிகோல்ஸ்ஹைமுக்கு மேலே குன்றில் பிரெஞ்சுப் படையினரின் கல்லறை இருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து விழுந்தவர்களும் அங்கே கிடக்கிறார்கள், அவர்களுடைய கற்கள் வேறு வடிவம். கார் கொஞ்ச தூரம் மேலே போகும், அதற்கு மேல் படிகள் உண்டு. கீழே கோல்மார் சமவெளி முழுக்கத் தெரியும். எந்தப் பயணக் கையேட்டின் முதல் பக்கத்திலும் இருக்காது. எனக்கு அந்தப் பகுதியில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஒரு நாள் ஒயினை விட்டுவிட்டு மலைக்குப் போங்கள். வோஜ் மலை முகட்டிலேயே ஓடும் சாலை ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் படைகளை நகர்த்தப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. 1424 மீட்டர் உயரமான க்ராங் பலோன் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை காரிலேயே போகலாம். அப்பா உச்சிக்கு ஏறாமல் அங்கேயே இருந்துகொள்ளலாம். வழியில் பண்ணை வீட்டு உணவகங்கள், மாட்டு மணிச் சத்தம். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், கீழே இருபத்தைந்து டிகிரி என்றாலும் மேலே காற்று குத்தும்.

ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையை எல்லோரும் சொல்வார்கள். இடிபாடாகக் கிடந்ததை 1900–1908இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காக மறுபடி கட்டினார்கள், அப்போது அல்சாஸ் ஜெர்மனியோடு இருந்தது. காட்சி பிரமாதம், உள்ளே படிகள் ஏராளம். அப்பாவை வைத்துக்கொண்டு நான் போகமாட்டேன்.

மழைக்குப் பயப்பட வேண்டாம். மேற்கிலிருந்து வரும் மேகத்தை வோஜ் மலை மறித்துவிடுவதால் பிரான்சிலேயே மழை குறைவான நகரங்களில் கோல்மார் ஒன்று. திராட்சை இங்கே நன்றாகப் பழுப்பதற்கும் அதுவே காரணம்.

மாம்பலத்தான்:
ரைன்கரை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்த கேள்வி, கூச்சப்படாமல் கேட்கிறேன். நான்தான் டிரைவர். இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்தால் ஒன்றும் ஆகாதுதானே?

லாச்சப்பல்வாசி:
சட்டத்தை முதலில் சொல்கிறேன். இங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரை, புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. இந்தியாவில் 0.3தானே, இங்கே கூடத்தானே என்று சந்தோஷப்படாதீர்கள். ஒரு இடத்தில் ஆறு ஏழு வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மிடறு. இரண்டு வீடு ஏறி இறங்கினால் கணக்கு தப்பிவிடும். 0.5 தாண்டினால் 135 யூரோ தண்டம், 0.8 தாண்டினால் அது குற்ற வழக்கு. காரில் அப்பா அம்மா வேறு.

ஊர்சுற்றி:
துப்பிவிடலாம். மேசையில் அதற்கென்றே ஒரு வாளியோ மண் சாடியோ வைத்திருப்பார்கள். நம் ஊரில் ஒருவர் கொடுத்ததைத் துப்பினால் அவமரியாதை. அங்கே தயாரிப்பாளரே துப்புவார், தொழில் அது. வாயில் சுழற்றி, மணம் பிடித்து, வாளிக்குள். கிளாஸில் மிச்சம் இருந்தால் அதையும் ஊற்றிவிடலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ரைன்கரை:
துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். என் யோசனை: ருசி பார்ப்பதை மாலை நாலு மணிக்கு மேல், தங்கியிருக்கும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போய்வரலாம். கேசர்ஸ்பெர்க், தூர்க்கெய்ம் இரண்டிலும் அதற்குத் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பகலில் காரில் போவது ஊர் பார்க்க மட்டும். இப்படி வைத்தால் நீங்களும் நிம்மதியாக ஒரு கிளாஸ் முழுதாகக் குடிக்கலாம்.

திராட்சைரசிகன்:
இவ்வளவு நேரம் ஒயினைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! பிரான்சின் மற்ற பகுதிகளில் ஊர்ப் பெயரை வைத்து ஒயின் விற்பார்கள், அல்சாஸில் பெரும்பாலும் திராட்சைப் பெயரே லேபிளில் இருக்கும். புதிதாக வருபவருக்கு அதுவே பெரிய வசதி. சில்வானரில் தொடங்குங்கள், லேசாக இருக்கும். பிறகு ரீஸ்லிங், எலுமிச்சைப் புளிப்பு, நறுக்கென்று முடியும். பினோ க்ரி கனமானது. கடைசியில் கெவுர்ஸ்த்ராமினர், ரோஜாவும் லிச்சிப் பழமும் கிளாஸிலிருந்து எழுந்து வரும். அதை முதலில் குடித்தால் மற்றதெல்லாம் தண்ணீராகத் தெரியும். நம் காரச் சாப்பாட்டோடு சேரும் ஒயின் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

முன்பெல்லாம் பாட்டிலைத் திறக்கும் வரை இனிப்பா இல்லையா என்று தெரியாது. 2021 அறுவடையிலிருந்து எவ்வளவு இனிப்பு என்று லேபிளில் போட்டாக வேண்டும். தித்திப்பு பிடிக்காது என்றால் ‘செக்’ என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

க்ராங் க்ரூ என்று 51 தோட்டங்களுக்குத் தனி அந்தஸ்து. முதலில் அந்தப் பட்டம் பெற்றது கேசர்ஸ்பெர்குக்குப் பக்கத்து ஷ்லோஸ்பெர்க், 1975இல். நீங்கள் தங்கும் வீட்டிலிருந்தே அந்தச் சரிவு தெரியலாம்.

சின்னத் தயாரிப்பாளர்களிடம் போனால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். செப்டம்பர் கடைசியில் அறுவடை மும்முரம், குடும்பமே தோட்டத்தில் நிற்கும். ரிபோவிலே கூட்டுறவு மாதிரி இடங்களில் விற்பனைக்கூடம் தனியாக இருக்கும், அங்கே தொந்தரவு இல்லை. அது 1895இல் தொடங்கிய பழைய கூட்டுறவு. ருசி பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வரலாமா என்று கேட்பீர்கள். சின்ன இடமாக இருந்தால் இரண்டு பாட்டிலாவது வாங்குங்கள், அதுதான் மரியாதை.

கொத்துப்புரோட்டா:
காசு வாங்காமல் ஊற்றுவது அவர்கள் வியாபார உத்தி. பிடிக்காததை ஏன் வாங்க வேண்டும்?

திராட்சைரசிகன்:
அறுவடையை நிறுத்திவிட்டு ஒருவர் உங்களுக்காக முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார், கொத்து. பிடிக்கவில்லை என்றால் ஒன்றிரண்டோடு நிறுத்தி நன்றி சொல்லிக் கிளம்பலாம். எட்டு வகையும் ஊற்றச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவதுதான் அசிங்கம்.

மிளகுரசம்:
சாப்பாட்டுக்கு வருகிறேன். அல்சாஸ் சாப்பாடு என்றாலே பன்றியும் முட்டைக்கோஸும்தான், சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் பட்டினி இல்லை.

தார்த் ஃப்லாம்பே என்று அப்பளம் போல மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் பரப்பி விறகடுப்பில் சுடுவார்கள். வழக்கமாக மேலே பன்றித் துண்டு தூவியிருக்கும். ‘சான் லார்தோன்’ என்று சொல்லுங்கள், இல்லாமல் தருவார்கள், காளான் போட்டும் கிடைக்கும். பல இடங்களில் மாலையில்தான் அடுப்பு மூட்டுவார்கள். பிபெலெஸ்கேஸ் என்று பெயர் வாயில் நுழையாத ஒன்று உண்டு. கெட்டித் தயிர் போன்ற மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டி, பூண்டும் வாசனை இலைகளும் கலந்தது, பக்கத்தில் வதக்கிய உருளைக்கிழங்கு. அம்மாவுக்கு அதுதான் சரிப்படும். கூகெல்ஹோப்ஃப் கேக் காலையில் காபிக்கு. முட்டை இருக்கும், சாப்பிடுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்ஸ்தெர் சீஸ் அந்தப் பக்கத்துப் பெருமை. நாற்றம் காரை விட்டுப் போகாது. கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளில் செய்வது, கண்டிப்பான சைவர்கள் என்றால் முன்னமே சொல்லிவிடுங்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டுக்குள். இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகம் மூடியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் மளிகைக் கடையும் சந்தேகம். சனிக்கிழமையே அரிசி, தயிர், காய்கறி வாங்கி வையுங்கள்.

ரைன்கரை:
மிளகுரசம் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் கடைசியில் சாலையோரத்தில் ‘வேன் நூவோ’ என்று பலகை வைத்துக் கலங்கலான சாறு விற்பார்கள். பார்க்கக் கரும்புச்சாறு மாதிரி, குடிக்கத் தித்திப்பு. அது பாதி நொதித்தது, ஆல்கஹால் உண்டு. அப்பா அம்மா பழச்சாறு என்று நினைத்துக் குடித்துவிடப் போகிறார்கள். நீங்கள் வாங்கினால் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். வாயு வெளியேற மூடியைத் தளர்வாகவோ ஓட்டை போட்டோதான் தருவார்கள். இறுக்கி மூடிக் காரில் உருட்டிவிட்டால் வெயிலில் பீய்ச்சி அடிக்கும். அவர்களுக்கு வேண்டியது ‘ழூ து ரேஸான்’, நொதிக்காத திராட்சைச் சாறு. பல தயாரிப்பாளர்களிடமே கிடைக்கும்.

லாச்சப்பல்வாசி:
கார் விஷயம், சுருக்கமாக. இந்திய லைசன்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், ஆர்டிஓவில் முன்னமே எடுங்கோ. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதியும்போதே குறிப்பிடுங்கோ, இங்கே கியர் வண்டிதான் வழக்கம். முன்பணம் பிடிக்கக் கிரெடிட் கார்டு கேட்பார்கள், ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். சின்ன ஊர் அலுவலகங்கள் மதியமும் ஞாயிறும் பூட்டுவார்கள், வண்டி எடுக்கும் நேரத்தைப் பார்த்துப் பதியுங்கோ. வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் வீடியோ எடுங்கோ. என் மச்சானிடம் அவர் போடாத கீறலுக்கு ஒரு நிறுவனம் காசு பிடித்தது, படம் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கிராமத்துக்குள் பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கே முதலிடம், அவன் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. நம்மவர்கள் முட்டிக்கொள்வது அங்கேதான். ஊருக்குள் 50, பல இடத்தில் 30. வெளியே கிராமச் சாலையில் பெரும்பாலும் 80. கேமரா நிறைய. ஸ்ட்ராஸ்பூர்–கோல்மார் நெடுஞ்சாலைக்குச் சுங்கம் இல்லை, ஸ்ட்ராஸ்பூரைச் சுற்றிப் போகும் புதிய மேற்குச் சாலைக்கு மட்டும் உண்டு. எரிபொருள் போடும்போது குழாயில் வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் இருந்தால் டீசல்.

மாம்பலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. புதுத் திட்டம் இதோ. பாரிஸிலிருந்து வெள்ளி காலை ரயில், கோல்மாரில் கார், கேசர்ஸ்பெர்கில் ஐந்து இரவும் ஒரே வீடு. சனி காலை கோல்மார் சந்தை, மளிகை, மாலை ஊரிலேயே ருசி. ஞாயிறு காலை ரிக்வீர், உனாவீர், சிகோல்ஸ்ஹைம் குன்று. திங்கள் மலைச் சாலை. செவ்வாய் கோல்மார் அருங்காட்சியகம், எகிஸ்ஹைம். புதன் காரை விட்டுவிட்டு ரயில். ஏதாவது இடிக்கிறதா?

ரைன்கரை:
செவ்வாய்தான் இடிக்கிறது. கோல்மாரின் உன்டெர்லிண்டன் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. அதைச் சனிக்கு மாற்றுங்கள். தவறவிடக்கூடாதது அது. க்ரூனெவால்ட் 1512–1516இல் வரைந்த இசன்ஹெய்ம் பீடப் படங்கள் அங்கே இருக்கின்றன. கெட்டுப்போன கம்பு தானியத்தின் பூஞ்சையால் வரும் நோயில் கைகால் அழுகித் தவித்தவர்களைத் துறவிகள் பராமரித்த இடத்துக்காக வரைந்தது. அதனால்தான் சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோலிலும் புண்கள். நோயாளிகள் அதைப் பார்க்க வேண்டும் என்று அப்படி வரைந்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பாதங்களைப் பாருங்கள்.

ஞாயிறு ரிக்வீருக்குக் கூட்டம் இரட்டிப்பாக இருக்கும். அதைச் செவ்வாய்க்குத் தள்ளி, எகிஸ்ஹைமோடு மாற்றிக்கொள்ளுங்கள். எகிஸ்ஹைமிலும் ஞாயிறு கூட்டம்தான், ஆனால் தெருக்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுவதால் ஆள் பிரிந்துவிடுவார்கள், வெளிவட்டத்தில் பேச்சுக்குரல் கூட இருக்காது.

மாம்பலத்தான்:
மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று, எத்தனை பாட்டில் ஊருக்குக் கொண்டுவரலாம்?

திராட்சைரசிகன்:
இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லை. முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் ஆளுக்கு இரண்டு. அப்பா அம்மா கணக்கையும் சேர்த்தால் எட்டு. விமான நிலையக் கடையில் வாங்குவதும் அதே கணக்கில்தான் வரும். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, கழுத்து நீளமாக இருக்கும், சாதாரண ஒயின் உறைக்குள் அடங்காது. தயாரிப்பாளரிடமே அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே படுக்க வையுங்கள்.

மிளகுரசம்:
அப்பா பெட்டியில் வைப்பதாக இருந்தால் அவரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். சென்னை சுங்கத்தில் திறக்கச் சொன்னால் முதலில் அதிர்ச்சியடைவது அவராகத்தான் இருக்கும்.